ஆனி மழையில் வான்கோழி: எங்கே கோளாறு, என்ன செய்யலாம்

சின்ன வயதில் வருஷத்துக்கு ஒரு தடவைதான் எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வான்கோழி வாசம் வரும். அதுவும் எலும்பாக. அப்பா இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பங்களாச் சமையல்காரர். டிசம்பர் 25ஆம் திகதி துரை வீட்டு அவனில் (சுடும் அடுப்பில்) முழுப் பறவை வேகும். மறுநாள் காலையில் மிஞ்சிய எலும்புக்கூட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவருவார். அம்மா அதைப் போட்டு மிளகுத் தண்ணீர் வைப்பார். அந்தப் பறவையின் இறைச்சி எப்படி இருக்கும் என்பது எனக்கு முப்பது வயது வரை தெரியாது.

இப்போது நான் வான்கோழி சமைப்பது ஆனியிலும் ஆடியிலும்தான். அடுத்த டிவிஷனில் ஒரு அண்ணன் நாலைந்து வளர்க்கிறார். டிசம்பரில் அவர் சொல்லும் விலைக்கு நான் காது கேட்காதது போல நடந்துவிடுவேன். ஜூன் மாதத்தில் அவரே கூப்பிட்டுக் கொடுப்பார். டவுன் கடைகளிலும் சில நேரம் கிறிஸ்மஸுக்கு வந்து விலை போகாத ஒன்றிரண்டு பிரீசர் அடியில் கிடக்கும். வெளியே மழை விடாமல் கொட்டும்போது மூன்று மணி நேரம் அடுப்பை எரிய விடுவதற்கு நல்ல சாக்கு.

நான் இப்படிச் சமைப்பது தெரிந்ததிலிருந்து சொந்தக்காரர்களின் போன் ஓயவில்லை. எல்லாப் போனும் ஒரே மாதிரித்தான் தொடங்கும்: "அக்கா, இது கோழி மாதிரி இல்லையே." இல்லைதான். பாதித் தொல்லை அதைப் பெரிய கோழி என்று நினைப்பதால் வருகிறது. மீதித் தொல்லை பங்களா மேசைக்கு வைப்பது போல முழுசாகச் சுட நினைப்பதால் வருகிறது. பண்டிகை இல்லாத நாளில் முழுப் பறவையை மேசையில் வைத்து யாருக்குக் காட்டப் போகிறோம்? காலையும் நெஞ்சையும் பிரித்துவிடுங்கள். இரண்டும் ஒரே உடம்பில் இருக்கிற இரண்டு வேறு இறைச்சி. காலுக்கு நீண்ட நேரம் வேண்டும், நெஞ்சுக்குக் கொஞ்ச நேரம் போதும்.

போனில் நான் முதலில் கேட்கும் கேள்விகள் மூன்று. எந்த ஊரில் சமைக்கிறீர்கள்? பறவை உயிரோடு வாங்கியதா, உறைந்ததா? பேடா, சேவலா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் கீழே உள்ளதில் எது உங்கள் கோளாறு என்று கண்டுபிடிப்பது சுலபம்.

வெளியே இளகிவிட்டது, வயிற்றுக்குள் இன்னும் ஐஸ்

இது உறைந்த பறவை வாங்கியவர்களுக்கு. ஐந்து கிலோ வான்கோழி ஓர் இரவில் இளகாது. குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் என்று கணக்கு வையுங்கள். ஐந்து கிலோவுக்கு இரண்டரை நாள், பத்திரத்துக்கு மூன்று நாள். ஞாயிற்றுக்கிழமை சமையல் என்றால் வியாழக்கிழமையே கீழே இறக்க வேண்டும். இளகும்போது நீர் வடியும் என்பதால் அடியில் தட்டு ஒன்று இருக்கட்டும்.

நேரம் இல்லையென்றால் தண்ணீர் முறை. பறவையை நீர் புகாத பையில் கட்டி, பெரிய வாளியில் முழுவதும் மூழ்க வைத்து, அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். கிலோவுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். பீலித் தண்ணீர் (மலை ஊற்றுநீர்) வருகிற வீடுகளுக்கு இது வசதி. குளிர்ந்த நீர், காசும் இல்லை. வெந்நீர் மட்டும் ஊற்ற வேண்டாம். மேல்தோல் பாதி வெந்து கெடத் தொடங்கும், உள்ளே ஐஸ் ஐஸாகவே இருக்கும்.

நுவரெலியாப் பக்கம் எல்லோரும் சொல்லும் ஒரு வாதத்துக்கு இங்கே பதில் சொல்ல வேண்டும். "இங்கே ராத்திரியில் பெட்டியைவிடக் குளிர்தானே, மேசையில் வைத்தால் போதாதா?" ஜனவரியில் புல்லில் உறைபனி படிகிற ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் மாலையில் அடுப்பெரிந்த குசினி அந்தக் குளிருக்கு வருவதே இல்லை. கிருமி பெருகும் இடைவெளி 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை. நமக்குச் சுவெட்டர் போட வேண்டிய 14 டிகிரி கிருமிக்கு வேலை செய்யப் போதுமான சூடு. அதனால் மேசையில் வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

விருந்தாளி வாசலுக்கு வந்த பிறகுதான் ஐஸ் இருப்பது தெரிந்ததா? கால் மூட்டுகள்தான் முதலில் இளகும். அவற்றை வெட்டி எடுத்துக் கறிக்குப் போடுங்கள். கூட்டோடு நெஞ்சை மறுபடி குளிர்நீரில் இறக்குங்கள். கால் வேக எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஆகும், அதற்குள் நெஞ்சும் கத்திக்கு வழிவிடும். காலில் கொஞ்சம் ஐஸ் ஒட்டியிருந்தால் பரவாயில்லை, வழக்கத்தைவிடப் பாதி நேரம் கூட வேகவிட்டால் சரி.

இரண்டு மணி நேரம் கொதித்தும் கால் ரப்பர் மாதிரி

அதிகமாக வரும் போன் இதுதான். கொழும்பில் சமைத்துப் பழகிவிட்டு மலைக்கு வந்தவர்கள்தான் கூடுதலாகத் திண்டாடுகிறார்கள். காரணம் மூன்று. மூன்றும் ஒரே சட்டியில் சேர்ந்திருப்பதும் உண்டு.

முதலாவது, தண்ணீர். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும். கண்டியில் 98, ஹட்டனில் 96, 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் 94க்குக் கொஞ்சம் கீழே. சட்டி தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து நல்ல சூடு என்று நினைப்போம். ஆனால் அந்தக் கொதி கொழும்புக் கொதி இல்லை. தீயைக் கூட்டினாலும் சூடு ஏறாது. நீர்தான் சீக்கிரம் வற்றும், கேஸ்தான் சீக்கிரம் தீரும். காலில் இருக்கும் சவ்வு மெல்ல உருகிக் குழம்பில் பசையாகச் சேர்ந்தால்தான் இறைச்சி விடும். சூடு குறையக் குறைய அந்த உருக்கம் மெதுவாகும்.

இரண்டாவது, வயது. உயிரோடு வாங்கியது கிழட்டுச் சேவலாக இருந்தால் எந்த ஊரிலும் ரப்பர்தான். காலில் முள் நீண்டு கூராக இருந்தால், நெஞ்சில் தாடி மயிர் நீளமாகத் தொங்கினால், அது கிழம். நெஞ்செலும்பின் கடைசி நுனியைத் தோலோடு அமுக்கிப் பாருங்கள். குருத்து போல வளைந்தால் இளசு. அசையாவிட்டால் விற்பவரிடம் பேடு இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த அண்ணன் எனக்கு ஒரு தடவை கிழட்டுச் சேவலைத் தலையில் கட்டிவிட்டார். இன்றுவரை அதைச் சொல்லித்தான் விலை பேசுகிறேன்.

மூன்றாவது, நரம்பு. இது கோழி வெட்டிப் பழகிய கைக்குப் புதுசு. வான்கோழியின் கீழ்க்காலில் தசைநார்கள் எலும்பு போலவே இறுகியிருக்கும். மெல்லிய மூங்கில் குச்சி மாதிரி. எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் கரையாது. இறைச்சி வெந்தே இருக்கும், வாயில் குச்சி தட்டுவதால் வேகவில்லை என்று நினைத்துக்கொள்வோம். உயிர்ப்பறவை என்றால் பாதத்தை வெட்டி வீசுவதற்கு முன்பே வேலையை முடிக்கலாம். மூட்டுக்குக் கீழே தோலை மட்டும் சுற்றிக் கீறி, எலும்பை மடித்து ஒடித்து, பாதத்தைப் பிடித்து இழுத்தால் நார்கள் பாதத்தோடு உருவிக்கொண்டு வரும். தனியாளாக முடியாது, ஒருவர் காலைப் பிடிக்க வேண்டும். உறைந்த பறவையில் பாதம் ஏற்கெனவே போயிருக்கும். அங்கே வெள்ளையாகத் தெரியும் நார் முனைகளைக் குறட்டால் பிடித்து ஒவ்வொன்றாக இழுங்கள். அதுவும் முடியாவிட்டால் வெந்தபின் எலும்பையும் குச்சிகளையும் கழற்றிவிட்டு இறைச்சியை மட்டும் குழம்பில் போடுங்கள். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் நான் எப்போதும் இப்படித்தான்.

சட்டியில் இப்போது இருப்பதை எப்படிக் காப்பாற்றுவது? பிரஷர் குக்கர் இருந்தால் அப்படியே மாற்றுங்கள். விசில் எண்ணாதீர்கள், நிமிஷம் எண்ணுங்கள். கடலோரத்தில் துண்டாக்கிய கால் அரை மணி நேரத்தில் வெந்துவிடும். மலையில் குக்கருக்குள்ளும் சூடு கொஞ்சம் குறைவுதான், ஏனென்றால் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு. ஹட்டன், பண்டாரவளை உயரத்தில் பத்தில் ஒரு பங்கு நேரம் கூட்டுங்கள், நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது 30 நிமிஷம் 36 ஆகும். கிழட்டுச் சேவல் என்றால் 45 வரை போகலாம்.

குக்கர் இல்லையா? கனமான சட்டி, இறுக்கமான மூடி, மூடியின் மேல் அம்மிக் குழவி. சூடு கூடுவதற்காக இல்லை, ஆவி போகாமல் இருப்பதற்காக. (குக்கர் மூடியில் எதையும் ஏற்றி வைக்காதீர்கள். கேட்ட ஒருவர் இருக்கிறார் என்பதால் சொல்கிறேன்.) விறகடுப்பில் கவ்வாத்து மிலாறு (வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி) சட்டென்று பற்றி சட்டென்று அணையும். தாளிப்பதற்கு அது சரி. வேகவைக்கக் கிளப்பிப்போட்ட பழைய தேயிலைத் தூர் வேண்டும். ஒன்று வைத்தால் நின்று எரியும். இரண்டரை மணியிலிருந்து மூன்று மணி நேரம், கொதி சிரிக்கிற அளவுக்கு மட்டும்.

பப்பாசிக்காய் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம். கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி அரைத்த காய், சமைப்பதற்கு முன் அரை மணி நேரம். அது தசையை இளக்கும், எலும்பான நாரைத் தொடாது. இரவு முழுக்க ஊறவிட்டால் மேற்பரப்பு களிபோலக் குழைந்து உள்ளே பழைய கதையாக இருக்கும்.

நெஞ்சு இறைச்சி காய்ந்து மரத்தூள்

காலோடு சேர்த்து ஒரே சட்டியில் போட்டீர்களா? அதுதான். நெஞ்சில் கொழுப்பும் இல்லை, உருகிப் பசையாகிற சவ்வும் இல்லை. நடுவில் 74 டிகிரி தொட்டதும் அதற்கு வேலை முடிந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு நிமிஷமும் ஈரத்தைப் பிழிந்து வெளியே தள்ளும். காலைப் போலக் காத்திருந்தால் மெத்தென்று ஆகும் என்று நினைத்து இன்னும் ஒரு மணி நேரம் விடுவார்கள். நெஞ்சில் அந்தக் காத்திருப்பு நேர் எதிராக வேலை செய்யும்.

அடுத்த தடவைக்கு இரண்டு வழி. முதலாவது உப்புநீர். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 60 கிராம் உப்பு, கரைந்து ஆறிய நீரில் நெஞ்சுத் துண்டுகளைப் பெட்டிக்குள் வைத்து மூன்று நான்கு மணி நேரம் ஊறவிடுங்கள். இறைச்சி உப்போடு நீரையும் பிடித்துக்கொள்ளும், சூட்டில் லேசில் விடாது. ஆனால் உறைந்த பறவையின் உறையை முதலில் வாசியுங்கள். பல கம்பனிகள் உப்புக்கரைசல் ஏற்றியே விற்கின்றன. அப்படி எழுதியிருந்தால் உப்புநீர் வேண்டாம், கருவாடு ஆகிவிடும்.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. நெஞ்சைக் குழம்பே வைக்காதீர்கள், டெவில் செய்யுங்கள். இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அதற்குக் குறுக்கே விரல் மொத்தத்தில் வெட்டுங்கள். குறுக்கே என்பது முக்கியம். நீளவாக்கில் வெட்டினால் நூல் நூலாகப் பல்லில் மாட்டும். உப்பு, மிளகு, கொஞ்சம் சோளமாவு பிரட்டி, நல்ல சூடான எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எடுத்துவிடுங்கள். ஒரு கைப்பிடிக்கு நாலைந்து நிமிஷம். அப்புறம் அதே சட்டியில் பெரிய வெங்காயம், கறிமிளகாய், சரிவாக வெட்டிய லீக்ஸ், தக்காளி, இடித்த மிளகாய், சோயா சோஸ். இறைச்சியைத் திரும்பப் போட்டு இரண்டு பிரட்டு. மலையில் விளைகிற லீக்ஸுக்கு இதைவிட நல்ல கதி கிடையாது என்பது என் கட்சி. வீட்டுக்காரர் சூப்புக்குத்தான் என்பார்.

ஏற்கெனவே காய்ந்துவிட்டதா? கையால் நார் நாராகப் பிய்த்து, சூடான குழம்பில் கடைசியில் போட்டு உடனே இறக்குங்கள். இல்லாவிட்டால் கொத்து ரொட்டி. கொத்தில் குழம்பு ஊற்றித்தானே அடிக்கிறோம், காய்ந்தது யாருக்கும் தெரியாது.

குழம்பு ருசி, துண்டைக் கடித்தால் சப்பென்று இருக்கிறது

கோழித் துண்டு அளவுக்கு வெட்டாமல் பெரிய பெரிய துண்டாகப் போட்டிருப்பீர்கள். கறித்தூள் இறைச்சிக்குள் நுழையாது, மேலேயேதான் நிற்கும். உள்ளே போகக்கூடியது உப்பு ஒன்றுதான், அதற்கும் நேரம் வேண்டும். முதல் நாள் இரவே கிலோவுக்கு இரண்டு மட்டத் தேக்கரண்டி உப்பும் மஞ்சளும் தடவிப் பெட்டியில் வையுங்கள். காலையில் தூள், இஞ்சி, பூண்டு சேர்த்தால் போதும். குழம்புக்கு மறுபடி உப்புப் போடும்போது ருசி பார்த்துப் போடுங்கள். நான் பார்க்காமல் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்கள்.

தூளும் கொஞ்சம் கனமாக இருக்கட்டும். வறுத்து அரைத்த கறுப்புக் கறித்தூள், கறுவாப்பட்டை, கராம்பு, ஏலம், ஒரு முழ ரம்பை. கோழிக்குப் போடும் அளவைவிட ஒன்றரை மடங்கு. ஆட்டிறைச்சிக்குச் சமைப்பதாக நினைத்துக்கொண்டு கால் கறி வையுங்கள், அளவு தானாகச் சரியாகும்.

தேங்காய்ப்பால் திரிந்து எண்ணெயும் தண்ணீருமாக நிற்கிறது

கெட்டுப்போகவில்லை, பயப்பட வேண்டாம். முதற்பாலை ஆரம்பத்திலேயே ஊற்றி இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டால் அது பிரியத்தான் செய்யும். மூன்றாம் பாலில் அல்லது வெறும் தண்ணீரில் இறைச்சியை வேகவையுங்கள். கட்டிப்பால் கடைசிப் பத்து நிமிஷத்துக்கு மட்டும், தீயைக் குறைத்து, மூடாமல். கீழ்நாட்டிலிருந்து ஏறி வரும் தேங்காயின் விலையைப் பார்த்தால் அதைக் கொதிக்கவைத்துப் பிரிக்க மனம் வராது. பால்மா கரைத்து ஊற்றுகிறவர்களுக்கும் இதே விதி.

ஒரு மாதிரி வாடை அடிக்கிறது

எப்போது அடிக்கிறது என்று பாருங்கள். பச்சையாக இருக்கும்போதே புளித்த, அழுகிய வாடையும் கையில் பிசுபிசுப்பும் இருந்தால் எந்த மசாலாவும் போட்டுப் பார்க்க வேண்டாம். குப்பைதான். காசு போனது போனதுதான்.

பச்சையில் வாடை இல்லை, வெந்தபோது கவிச்சி என்றால் சுத்தம் செய்ததில் மிச்சம் இருக்கிறது. முதுகெலும்பின் உட்பக்கக் குழிகளில் நுரையீரலும் சிறுநீரகமும் ஒட்டிக்கொண்டிருக்கும். கரண்டிக் காம்பால் சுரண்டி எடுக்க வேண்டும். வாலின் மேல்பக்கத்தில் மஞ்சளாக ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கும், அதைச் சதையோடு குடைந்து வெட்டி எறியுங்கள். வாடை என்று வரும் நாலில் மூன்று போன் இந்தச் சுரப்பியில் முடிகிறது. பீலிக்கடியில் பிடித்துச் சளசளவென்று கழுவினால் பக்கத்தில் இருக்கிற பாத்திரம், மரக்கறி எல்லாவற்றிலும் அந்த நீர் தெறிக்கும். சட்டிக்குள் தண்ணீர், மஞ்சள், தேசிக்காய்ச் சாறு விட்டு அலசி மெதுவாக வடியுங்கள்.

பிரீசரில் பல மாதம் கிடந்த பறவையில் வெளுத்த, காய்ந்த திட்டுகள் தெரியும். அது பிரீசர்க் காய்ச்சல் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். உடம்புக்குக் கெடுதல் இல்லை, வெட்டிப் போட்டுவிடுங்கள். ஆனால் கொழுப்புக்குப் பழைய எண்ணெய் வாடை வந்திருந்தால் தோலையும் கொழுப்பையும் முழுசாக உரித்துவிட்டுச் சமையுங்கள். பறவைக் கொழுப்பு மாட்டுக் கொழுப்பைவிடச் சீக்கிரம் காறும்.

வெந்துவிட்டது, ஆனால் எலும்போரம் இளஞ்சிவப்பு

பெரும்பாலும் பிரச்சினையே இல்லை. இளம் பறவையின் எலும்பு மச்சையிலிருந்து நிறம் கசியும். விறகடுப்பில் வாட்டியதென்றால் புகையே வெளிச் சதையைச் சிவப்பாக்கும். நிறத்தை நம்பாதீர்கள், தெளிந்த நீர் வடிகிறதா என்று பார்ப்பதும் அரைகுறைச் சாட்சிதான். இறைச்சிக்குக் குத்திப் பார்க்கிற தெர்மோமீட்டரை வாங்கிக்கொள்ளுங்கள். தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்தி 74 டிகிரி காட்டினால் சிவப்பாக இருந்தாலும் சாப்பிடலாம். காட்டாவிட்டால் வெள்ளையாக இருந்தாலும் அடுப்பில் வையுங்கள். குழம்பில் துண்டாக மணிக்கணக்கில் வெந்ததற்கு இந்தக் கவலையே வேண்டாம்.

அவனில் தோல் கருகிவிட்டது, உள்ளே பச்சை

முழுசாகத்தான் சுடுவேன் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு. மேசைமேல் வைக்கிற சின்ன அவனில் பறவையின் நெஞ்சு மேல் கம்பியை முட்டிக்கொண்டு இருக்கும், கருகாமல் என்ன செய்யும்? முதுகெலும்பை இரண்டு பக்கமும் கத்தரித்து எடுத்துவிட்டு, புத்தகம் விரிப்பது போல விரித்து நெஞ்சை அமுக்கித் தட்டையாக்குங்கள். அப்படியும் அவனுக்குள் நுழையாவிட்டால் அது உங்கள் அவனுக்கான பறவை இல்லை. நெஞ்சு நிறம் பிடித்ததும் அலுமினியத் தாளால் மூடுங்கள். எடுத்த பிறகு அரை மணி நேரம் வெட்டாமல் வைத்தால் சாறு தட்டில் ஓடாது.

வீட்டில் யாரும் தொடமாட்டேன் என்கிறார்கள்

இதுவும் ஒரு கோளாறுதான், அடுப்பைத் திருத்தித் தீராது. முதல் தடவை நான் செய்தபோது மாமி சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் புள்ள, கிறிஸ்மஸும் இல்ல, திருவிழாவும் இல்ல, இது எதுக்கு?" என்றார். துரைமார் சாப்பாடு என்ற எண்ணம் அவருக்கு. சரி மாமி, இது துரைமாருடையதும் இல்லை என்றேன். அமெரிக்கக் கண்டத்துப் பறவை இது. மெக்சிக்கோக்காரர்கள் வீட்டில் வளர்த்ததை ஸ்பானியர் 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். இங்கிலீஷ்காரன் துருக்கி என்றான், போர்த்துக்கேயன் பெரு என்றான், ஒல்லாந்தன் நம்ம கள்ளிக்கோட்டைக் கோழி என்றே பெயர் வைத்தான். சிங்களத்தில் களுகுமா என்கிறோமே, அது அந்த ஒல்லாந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

மாமிக்கு இந்தச் சரித்திரம் எதுவும் ஏறவில்லை. குழம்பு ஏறியது. முதல் தடவை யாருக்காவது கொடுக்கும்போது கால் கறியைக் கோதுமை மா ரொட்டியோடு வையுங்கள், எலும்பு, குச்சி எதுவும் இல்லாமல். ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுக்கொள்ளும்போது என்ன இறைச்சி என்று கேட்க மறந்துவிடுவார்கள். முழு நெஞ்சைத் தட்டில் வைத்துக் கத்தியை நீட்டினால் பயந்துதான் போவார்கள்.

மிஞ்சிவிட்டது, மிஞ்சிக்கொண்டே இருக்கிறது

நாலு பேர் இருக்கிற வீட்டில் ஐந்து கிலோ பறவை ஒரு வேளையில் முடியாது. உயிர்ப்பறவை என்றால் வெட்டும்போதே இரண்டு வீடு சேர்ந்து பங்கு போடுவது நல்லது. நாங்கள் ஒரு கால், ஒரு நெஞ்சு என்று பிரித்துக்கொள்வோம். ஈரலை யார் எடுப்பது என்பதில் மட்டும் இன்னும் உடன்பாடு வரவில்லை.

சமைத்தது மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் பெட்டிக்குள் போக வேண்டும். பெரிய சட்டியோடு வைத்தால் நடுப்பகுதி விடியும் வரை சூடாகவே இருக்கும். தட்டையான பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். மூன்று நாள், மிஞ்சினால் நாலு நாள். சூடாக்கும்போது ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள், எடுத்த அளவை மட்டும். முழுச் சட்டியையும் தினம் தினம் கொதிக்க வைப்பது நம் பழைய பழக்கம், அதில் இறைச்சி பஞ்சாகிவிடும்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போகும். பெட்டியைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும். நிறைந்திருக்கிற பிரீசர் மூடியே இருந்தால் இரண்டு நாள் தாங்கும். என்ன நடக்கிறது என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்கிற ஆள் எங்கள் வீட்டில் ஒருவர் உண்டு. கரண்ட் போனால் அவரைக் கடைக்கு அனுப்பிவிடுவேன்.

குளிர்ந்த வான்கோழியைச் சும்மா சூடாக்கித் தின்றால் ஒரு பழைய வாடை வரும். கெட்டதில்லை, ஆனால் பிடிக்காது. கொழுப்பு காற்றோடு சேர்ந்து மாறுவதால் வருவது. பிய்த்த இறைச்சியில் உருளைக்கிழங்கு, மிளகு, கறிவேப்பிலை சேர்த்து கட்லட் அல்லது ரோல்ஸ் செய்தால் அது தெரியாது. இல்லாவிட்டால் சூடாக்காமலே, றோஸ் பாணுக்குள் வெண்ணெயும் கட்டச் சம்பலும் வைத்து நடுவில் இறைச்சி. பிளேன்டீயோடு சாப்பிட்டால் டெவிலைவிட நன்றாக இருக்கிறது என்று எனக்குச் சில நேரம் தோன்றும்.

எலும்புக்கூடு அப்பா கொண்டுவந்த மாதிரியே சூப்புக்கு. உடைத்துப் போட்டு, மிளகு, சீரகம், பூண்டு, ஒரு கரட், லீக்ஸின் பச்சை இலைப்பகுதி, மூன்று மணி நேரம் மெதுவான தீ. உப்பைக் கடைசியில் போடுங்கள், வற்ற வற்றக் கரிக்கும்.

எலும்பை நாய்க்குப் போடலாமா?

கூடாது. வெந்த பறவை எலும்பு கூராகச் சிம்பு சிம்பாக உடையும், தொண்டையிலும் குடலிலும் குத்தும். அந்தக் காலின் குச்சி நார்களும் அப்படித்தான். குழி தோண்டிப் புதையுங்கள். இரண்டடிக்குக் குறையாமல் தோண்டி, மேலே ஒரு கல்லும் வையுங்கள். போன வருஷம் நான் அவசரத்தில் ஒரு சாணில் மூடிவிட்டு வந்தேன். ராத்திரி காட்டுப் பன்றி வந்து எலும்போடு சேர்த்து இரண்டு பாத்தி கோவாவையும் கிளறிவிட்டுப் போயிருந்தது.